டெலிவரி லீவு முடிந்து வந்தபின் சம்பளம் குறைந்தால்

கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண்ணிடம் "உன் சம்பளத்தைக் குறைக்கிறோம்" என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் அது செக்‌ஷன் மாற்றமாக வரும். தனியார் பள்ளியில் ஜூன் மாதத்துப் புது அப்பாயின்ட்மென்ட் ஆர்டராக வரும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையில் "கான்ட்ராக்டர் மாறிட்டாரு, புதுசா ஃபார்ம் போடணும்" என்று வரும். வீட்டுத் தறியில் உட்காரும் பெண்ணுக்கோ, வழக்கமாக வந்துகொண்டிருந்த முகூர்த்தப் பட்டுப் பாவு வேறு தெருவுக்குப் போயிருக்கும். மாதக் கடைசியில் கைக்கு வரும் பணம் மட்டும் குறைந்திருக்கும்.

இப்படி மறைந்து வரும் குறைப்பை அடையாளம் காண்பதுதான் இந்த அத்தியாயத்தின் முதல் வேலை. அடையாளம் கண்டுவிட்டால் பாதி தூரம் கடந்தாயிற்று. ஏனென்றால் பிரசவத்துக்காக விடுப்பில் போன பெண்ணின் பணி நிபந்தனைகளில் எதையும் அவளுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. "சம்பளத்தைக் குறைக்காதே" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆயிரம் வழியில் தப்பிக்கலாம். "எந்த நிபந்தனையையும், பாதகமாக" என்று எழுதியிருப்பதால் செக்‌ஷன், ஷிப்ட், பதவி, சீனியாரிட்டி, இன்கிரிமென்ட், கமிஷன் எல்லாமே அதற்குள் வந்துவிடுகின்றன.

இந்த வாசகம் 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தபின், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-இன் ஆறாம் அத்தியாயத்தில், 68-ஆம் பிரிவாக அதே வாசகம் இருக்கிறது. "அந்தச் சட்டமே இப்போ இல்லம்மா" என்று மேனேஜர் சொன்னால் கலங்க வேண்டாம். சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும்தான் மாறியிருக்கின்றன, உரிமை அப்படியே இருக்கிறது. மனு எழுதும்போது இரண்டு எண்களையும் குறிப்பிட்டுவிடுங்கள். எந்த அலுவலகத்திலும் அதைக் காரணம் காட்டித் திருப்பியனுப்ப மாட்டார்கள்.

முதல் நாள் என்ன நடக்கும்

ஒரு பட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். முகூர்த்தப் பட்டு செக்‌ஷனில் ஐந்து வருடம் நின்ற பெண். மாதச் சம்பளம் 14,000 ரூபாய். விற்கும் ஒவ்வொரு கல்யாணப் புடவைக்கும் கமிஷன் உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் அது நாலைந்தாயிரம் வரை போகும். இது உதாரணத்துக்காகச் சொல்லும் கணக்குதான். ஆனால் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சம்பளம் ஒரு பங்கு, கமிஷன் ஒரு பங்கு என்றுதான் சொல்வாள். ஆறு மாதம் கழித்து வருகிறாள்.

"வாம்மா, குழந்தை நல்லா இருக்கா? இனிமே நீ கீழ காட்டன் செக்‌ஷன் பார்த்துக்கோ. மேல நின்னா உனக்குத்தான் கஷ்டம்."

"சரிங்க சார். கமிஷன் அங்க எப்படிங்க சார்?"

"காட்டன்ல கமிஷன் கிடையாதும்மா. சம்பளம் அதேதான், ஒரு ரூபா குறையல."

"அப்போ செக்‌ஷன் மாத்துனத ஒரு லெட்டரா குடுத்துடுங்க சார், வீட்ல கேப்பாங்க."

கடைசி வரிதான் முக்கியம். குரலை உயர்த்தத் தேவையில்லை, சட்டம் பேசத் தேவையில்லை. மரியாதையாகக் கேட்டால் போதும். கடிதம் கொடுத்தால் உங்கள் கையில் ஆதாரம் வந்துவிட்டது. கொடுக்க மறுத்தால், அன்று இரவே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்: "சார், இன்று நான் மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்தேன். என்னை முகூர்த்தப் பட்டு செக்‌ஷனிலிருந்து காட்டன் செக்‌ஷனுக்கு மாற்றியதாகவும், அங்கே கமிஷன் இல்லை என்றும் சொன்னீர்கள். பழைய செக்‌ஷனிலேயே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." தேதியும் நேரமும் அதில் தானாகப் பதிவாகிவிடும். அதற்கு அவர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் உங்களுக்குச் சாதகம்தான்.

முதல் நாளில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ராஜினாமா கடிதம், "மறுபடி சேர விரும்புகிறேன்" என்ற விண்ணப்பம், புது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் இரண்டாம் பிரதி, தேதி போடாத வெற்றுத் தாள், இவற்றில் எது நீட்டப்பட்டாலும் "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு நாளைக்குத் தர்றேன் சார்" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் போனில் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கும் விசாரணையில் எல்லாக் கேள்வியும் அந்தக் கையெழுத்தைச் சுற்றித்தான் வரும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

தொழிற்சாலை என்றால் பொருந்தும். கடை, பள்ளி, ஆஸ்பத்திரி, ஹோட்டல் போன்ற நிறுவனங்களில் பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்தால் பொருந்தும். இந்தப் பத்துப் பேர் கணக்கில் காஞ்சிபுரத்துப் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்து பேர் வேலை செய்திருந்தாலே போதும் என்கிறது சட்டம். சாதாரண நாளில் ஏழு பேர் இருக்கும் கடையில் தீபாவளிக்கும் முகூர்த்த மாதத்துக்கும் நாலு பேரைத் தற்காலிகமாக எடுப்பார்கள். அந்த நாலு பேரும் கணக்கில் சேருவார்கள். அந்த நாட்களில் எடுத்த குழுப் படம், ஷிப்ட் சார்ட், பூஜை நாள் படம் எதுவாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் மகப்பேறு விடுப்புக்கான சம்பளத்துக்கு உரிமை உண்டு. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் வரை எடுக்கலாம். ஏற்கனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவரும் இதில் அடக்கம். தினக்கூலிக்காரரும் அடக்கம், டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண் தொழிலாளர்கள் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. ஒப்பந்தக் காலம் விடுப்பின் நடுவே முடிந்துவிட்டாலும் முழு விடுப்புக்கான பணம் கிடைக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், விடுப்புக் காலப் பணத்தை முதலாளி தர மாட்டார், இ.எஸ்.ஐ. தரும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்காவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். இங்கே பல பெண்கள் குழம்பிப்போகிறார்கள். "உனக்கு இ.எஸ்.ஐ. பணம் வந்துடுச்சே, எங்க கிட்ட என்ன கேக்கற?" என்று கடையில் சொல்வார்கள். இ.எஸ்.ஐ. பணம் விடுப்பில் இருந்த நாட்களுக்கு. திரும்பி வந்தபின் தர வேண்டிய சம்பளமும், வகித்த இடமும் முதலாளியின் பொறுப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்க விடாதீர்கள்.

அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் கதை வேறு. தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் அவர்களுக்கு 12 மாத விடுப்பு. அவர்களுக்கான விதிகளும் முறையீட்டு வழியும் தனி. ஆகவே இங்கே விரிக்கவில்லை. ஆனால் ஒரு தீர்ப்பை எல்லாப் பெண்களும் தெரிந்துவைத்திருக்கலாம். தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு, முன்பே இரண்டு குழந்தைகள் உண்டு என்று காரணம் காட்டி விடுப்பை மறுத்தார்கள். 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. மகப்பேறு விடுப்பு ஒரு பெண்ணின் மகப்பேற்று உரிமையின் பகுதி என்றது. உங்கள் முதலாளி பெரிய மனசோடு தரும் சலுகையாக இதை நினைத்துக்கொண்டு தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

குறைப்பு எடுக்கும் வேடங்கள்

மேலே சொன்ன செக்‌ஷன் மாற்றம் காஞ்சிபுரத்தில் மிக எளிதாக நடக்கக்கூடியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புதிய தொகுப்பில் ஊதியம் என்பதற்கான விளக்கம் மாறியிருக்கிறது. கமிஷன், வீட்டு வாடகைப்படி போன்றவை ஊதியத்துக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. வெளியே வைத்தவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். ஆகவே நம் உதாரணப் பெண்ணுக்கு விடுப்புக் காலப் பணத்தில் கமிஷன் சேராமல் போகலாம். அதைப் பற்றி நீண்ட சண்டை போடுவதில் பலன் குறைவு என்பது என் கருத்து. ஆனால் திரும்பி வந்தபின் கமிஷன் வரும் இடத்திலிருந்து அவளை நகர்த்தியது பணி நிபந்தனையைப் பாதகமாக மாற்றிய செயல். சண்டையை அங்கே போடுங்கள். "சம்பளம் அதேதான்" என்ற பதில் அங்கே செல்லாது.

"நின்னா உனக்குத்தான் கஷ்டம்" என்ற கரிசனத்துக்கும் பதில் இருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கஷ்டம் என்று நினைத்தால் ஒரு ஸ்டூல் போடுவதுதான் சட்டம் சொல்லும் வழி. வருமானத்தை வெட்டுவதற்கு அதில் இடமே இல்லை.

அடுத்த வேடம், ராஜினாமா செய்துவிட்டு மறுபடி சேரச் சொல்வது. "ஃபார்மாலிட்டிதான்" என்பார்கள். கையெழுத்திட்ட அன்றே உங்கள் பழைய பணிக்காலம் முழுவதும் கரைந்துவிடும். கிராஜுவிட்டிக்கான ஐந்து வருடக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உண்மையில் 26 வாரம் வரையிலான மகப்பேறு விடுப்பு தொடர்ந்த பணியாகவே கணக்கிடப்படும். போனஸ் கணக்கிலும் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு நாட்கள் வேலை செய்த நாட்களாகவே சேரும். தீபாவளி போனஸை "நீ ஆறு மாசம்தான வந்த" என்று பாதியாக வெட்டுவதும் இதனால் தவறு. கையெழுத்தே வாங்காமல் பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் பதிவு செய்துவிடுவதும் உண்டு. உமங் செயலியிலோ பி.எஃப். இணையதளத்திலோ யு.ஏ.என். எண்ணைப் போட்டு, பணி வரலாறு பக்கத்தை வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே பாருங்கள்.

பள்ளி ஆசிரியைகளுக்கு இது கல்வியாண்டின் போர்வையில் வரும். பிப்ரவரியில் விடுப்பில் போனவர் ஆகஸ்டில் திரும்பினால், ஜூனில் எல்லோருக்கும் போட்ட இன்கிரிமென்ட் அவருக்கு இல்லை என்பார்கள். அல்லது வகுப்பாசிரியர் பொறுப்பை எடுத்துவிட்டு அதற்கான படியையும் சேர்த்து எடுப்பார்கள். ஆசிரியர்களைத் தொழில் தகராறு சட்டத்தில் "தொழிலாளி" என்று கருத முடியாது என 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது தொழில் தகராறுக்கு. புதிய தொகுப்பின் மகப்பேறு அத்தியாயம் சம்பளம் வாங்கும் எல்லாப் பெண் ஊழியருக்கும் உரியது.

கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் இன்னொரு வெட்டு பால் கொடுக்கும் நேரத்தில். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போகத் தினமும் இரண்டு இடைவேளை உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். இந்த இடைவேளையை "லேட்" என்று பஞ்ச் மெஷினில் போட்டு, மூன்று லேட்டுக்கு ஒரு நாள் சம்பளம் என்று கழிப்பார்கள். பால் கொடுக்க எடுத்த நேரத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று தனிப் பிரிவே இருக்கிறது: பழைய சட்டத்தில் 13, புதிய தொகுப்பில் 69. மாதாமாதம் இருநூறு, முந்நூறு என்று போவதால் பெண்கள் இதைக் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

விடுப்புக் காலப் பணத்தைக் கணக்கிடுவதிலேயே குறைப்பவர்களும் உண்டு. இதற்குத் தீர்ப்பு தந்த வழக்கு தமிழ்நாட்டுத் தோட்டம் ஒன்றில் பிறந்தது. மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு 1967 டிசம்பரில் குழந்தை பிறந்தது. அப்போதைய 12 வார விடுப்புக்கு எஸ்டேட் நிர்வாகம் 72 நாள் கூலி கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடையாது, ஆகவே வாரத்துக்கு ஆறு நாள் என்பது அவர்கள் கணக்கு. அவர் 84 நாள் கூலி கேட்டுக் கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 1977 அக்டோபரில் அவர் பக்கம் முடிந்தது: வாரம் என்றால் ஞாயிறு உட்பட ஏழு நாள். இன்றைய கணக்கில் போட்டுப் பாருங்கள். நாள் கூலி 500 ரூபாய் என்றால் 26 வாரத்துக்கு 182 நாள், 91,000 ரூபாய். ஞாயிறை விட்டால் 156 நாள், 78,000 ரூபாய். பதின்மூன்றாயிரம் ரூபாய் வித்தியாசம். பன்னிரண்டு நாள் கூலிக்காகப் பத்து வருடம் விடாமல் நின்ற அந்தத் தோட்டத் தொழிலாளியால்தான் இன்று எல்லோருக்கும் இந்தப் பணம் வருகிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடை முழுவதும், ஆண் பெண் எல்லோருக்கும், வியாபாரம் மந்தம் என்று சம்பளத்தைக் குறைத்திருந்தால் அதை மகப்பேறு காரணம் என்று நிறுவுவது கடினம். அங்கே வேறு பிரிவு உதவும்: தொழிலாளிகளின் ஊதியத்தை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆகவே முதலில் கூட வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். உங்களுக்கு மட்டும் குறைந்ததா, எல்லோருக்குமா? உங்களுக்கு மட்டும் என்றால் வழக்கு பலமானது.

அறுபது நாள்

மகப்பேறு பயன் மறுக்கப்பட்டாலோ வேலையிலிருந்து நீக்கப்பட்டாலோ உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். பணி நிபந்தனை பாதகமாக மாறினாலும் அதே 60 நாளுக்குள் முறையிட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. எழுத்தில் உத்தரவே தராமல் இழுத்தடித்தால், குறைந்த சம்பளம் முதன்முதலில் வங்கியில் ஏறிய நாளை முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்", "முகூர்த்தம் முடியட்டும்", "முதலாளி ஊர்ல இல்ல" என்று மூன்று முறை கேட்டால் அறுபது நாள் ஓடிவிடும். குழந்தைக்குத் தடுப்பூசி, காய்ச்சல், தூக்கமில்லாத இரவு என்று உங்கள் பக்கமும் நாட்கள் கரையும். வீட்டிலும் "போனா போகட்டும், வேலையாவது இருக்கே" என்பார்கள். அவர்கள் பயத்தில் சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் முதலாளிக்கு ஒரு கடிதம். நீளம் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் ____ தேதி முதல் ____ ஆகப் பணிபுரிகிறேன். ____ முதல் ____ வரை மகப்பேறு விடுப்பில் இருந்து, ____ அன்று பணிக்குத் திரும்பினேன். விடுப்புக்கு முன் என் மாத வருமானம் ரூ. ____. திரும்பியபின் ____ மாதத்துக்கு ரூ. ____ மட்டும் வந்துள்ளது. என் பணி நிபந்தனைகளை இவ்வாறு பாதகமாக மாற்றுவது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 பிரிவு 68-க்கும், மகப்பேறு பயன் சட்டம் 1961 பிரிவு 12-க்கும் எதிரானது. முன்பு வகித்த இடத்தையும் ஊதியத்தையும் திருப்பித் தந்து, குறைந்த தொகையை 7 நாட்களுக்குள் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாற்றத்துக்குக் காரணம் ஏதும் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும்."

கோபம், குற்றச்சாட்டு, பழைய கதை எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் சேவை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் பதிவு வசதியும் ஒப்புகையும் வேண்டும் என்று சொல்லி அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள்.

அந்த ஏழு நாளில் ஆதாரங்களைச் சேருங்கள். விடுப்புக்கு முந்தைய ஆறு மாத வங்கிக் கணக்கு, திரும்பியபின் வந்த சம்பள வரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக். பாஸ்புக்கில் மாதாமாதம் முதலாளி காட்டிய ஊதியம் இருக்கும். அது குறைந்த மாதம் பளிச்சென்று தெரியும், அது அவரே அரசுக்குக் கொடுத்த கணக்கு. கமிஷனைக் கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நீங்கள் எழுதி வைத்த டைரியும், பில்லில் உங்கள் கோட் எண் வரும் படங்களும் உதவும். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, குழந்தையின் பிறப்புச் சான்று, விடுப்பு விண்ணப்பத்தின் பிரதி இவை மூன்றும் கட்டாயம்.

பதில் வராவிட்டால் மனு. கடை, பள்ளி, ஆஸ்பத்திரி என்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம். எங்கே கொடுப்பது என்று சந்தேகம் வந்தால் இரண்டிலும் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்கினால், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதற்கு அசைக்க முடியாத சான்று கிடைத்துவிடும். முதல்வரின் முகவரி எண் 1100-லும் பதியலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்காதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன்படி பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். பட்டுக் கடையில் வேலை செய்யும் எத்தனையோ பெண்களுக்கு இது தெரியாமலே இருப்பது எனக்குத் தீராத வருத்தம்.

அறுபது நாள் தாண்டிவிட்டதா? அப்போதும் எல்லாம் போய்விடவில்லை. ஊதியத் தொகுப்பு 2019-இன்படி குறைவாகத் தந்த ஊதியத்தைக் கேட்டு மூன்று வருடத்துக்குள் மனு போடலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஊதியத்தைச் சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது.

தறியில் உட்காரும் பெண்களுக்கு

இங்கே சட்டத்தின் கை நீளவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவில் பெரும்பகுதி வீட்டுத் தறியில் நடக்கிறது. முதலாளியோ சங்கமோ பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்க, புடவை அறுத்துக் கொடுத்தால் கூலி. மாதச் சம்பளம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. கோர்வைப் புடவையில் கரைக்கு நாடா போடுவதும், நூல் இழைப்பதும், தார் சுற்றுவதும் வீட்டுப் பெண்கள்தான். ஆனால் சங்கத்து உறுப்பினர் பெயரும் பாஸ்புத்தகமும் பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். பிரசவத்துக்குப் பின் அவள் மூன்று மாதம் உட்காராவிட்டால் குடும்பத்தின் கூலி குறைகிறது; அந்தக் குறைவை யாரிடமும் கேட்க முடிவதில்லை. சென்னை மாகாணத்தில் மகப்பேறு பயன் சட்டம் 1934-லேயே வந்தது. தொண்ணூறு வருடம் கழித்தும் அது தறிக்கட்டைத் தொடவில்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை இவை. கர்ப்பம் உறுதியான உடனே, தாமதிக்காமல், தமிழ்நாடு கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் சொந்தப் பெயரில் பதிவு செய்யுங்கள். மகப்பேறு உதவித்தொகை வாரிய உறுப்பினருக்குத்தான். கணவரின் அட்டை உங்களுக்கு உதவாது. பதிவுக்குத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு, கிராம அல்லது நகரச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது உண்டு. 14,000 ரூபாய் தவணையாக வங்கிக் கணக்கில், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கூட்டுறவுச் சங்கத்தில் தறி வேலை செய்பவராக உங்கள் பெயரிலேயே உறுப்பினராகச் சேர விண்ணப்பம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுங்கள்.

ஒரே கூரையின் கீழ் பல தறி போட்டு, பெண்களை நாள் கூலிக்கு வைத்து வேலை வாங்கும் இடம் வேறு. அங்கே பத்து பேர் இருந்தால், மேலே சொன்ன எல்லாமும் பொருந்தும். "இது குடிசைத் தொழில்" என்று சொல்லி அனுப்பினால் நம்பிவிடாதீர்கள், மனு கொடுத்து அதிகாரியை நேரில் வந்து தலை எண்ணச் சொல்லுங்கள்.

சமரசத் தாள்

பல மனுக்கள் அதிகாரியின் முன் சமரசத்தில் முடியும். அது நல்லதுதான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் அலைய வேண்டாம். ஆனால் தாளை வரி வரியாகப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து பாக்கி என்பதும், எந்த செக்‌ஷன், எந்தப் பதவி என்பதும் பெயரோடு இருக்க வேண்டும். "பணித் தொடர்ச்சியுடன்" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கிராஜுவிட்டி கணக்கு அறுந்துபோகும். பி.எஃப்.-இல் வெளியேறிய தேதி போட்டிருந்தால் அதை நீக்கும் பொறுப்பு யாருக்கு, எத்தனை நாளுக்குள் என்றும் எழுதச் சொல்லுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால், அது சம்பளப் பாக்கிக்கு மட்டுமா, போனஸுக்கும் சேர்த்தா என்று கேட்டுத் திருத்தி வாங்குங்கள். பணம் காசோலையாகத் தந்தால் அது வங்கியில் மாறும் வரை, நேரடியாக அனுப்பினால் குறுஞ்செய்தி வரும் வரை, மனுவை வாபஸ் வாங்கும் தாளில் கையெழுத்திடாதீர்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னால், அந்தத் தேதியை அதிகாரியின் கோப்பிலேயே குறிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.